கடுக்காய் கொடுக்காத பதில்கள்

இந்த வாரம் தபால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு வந்துவிட்டேன். போளூரிலிருந்து ஏறும் பேருந்தில் வளைவுக்கு ஒரு கடிதம் என்று பிரித்தேன். நாலாவது வளைவில் வயிறு ‘போதும்’ என்றது. மிச்சத்தை ஜமுனாமரத்தூர் டீக்கடை பெஞ்சில் பிரித்து, செடிகொடி சங்கதி கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். அரசியல் கேட்டவர்கள் பொறுங்கள். அது அடுத்த வாரமும் அப்படியேதான் இருக்கும்.

பி.எஸ்ஸி. தாவரவியலில் சேர்ந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து துக்கம் விசாரிக்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– கல்லூரி மாணவி, திருப்பத்தூர்

வந்தவர்களுக்குக் காபி கொடுத்தீர்களா? அது விதை. சர்க்கரை போட்டீர்களா? அது புல். வெற்றிலைத் தட்டு நீட்டினீர்களா? அது கொடி. அவர்கள் உடுத்தி வந்த வேட்டி, ஒரு காய் வெடித்த பஞ்சு. தாவரத்தைக் கழித்துவிட்டால் அத்தனை பேரும் வெறும் வயிற்றோடு அம்மணமாகத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

‘வேலை?’ என்பார்கள். இந்திய வனப் பணித் தேர்வில் தாவரவியல் ஒரு விருப்பப் பாடம். ‘கலெக்டர் ஆகலையா?’ என்றால், ‘காட்டுக்கு ஆகலாம்னு இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விடுங்கள்.

ஜவ்வாது மலைக்குப் போனால் ஜவ்வாது மலிவாகக் கிடைக்குமா?
– இல்லத்தரசி, குடியாத்தம்

கிடைக்காது தாயி. ஜவ்வாதுக்கு ஆதி மணம் தந்தது புனுகுப்பூனை. பூனையின் எந்தப் பக்கத்திலிருந்து என்று மட்டும் கேட்காதீர்கள். நாளையிலிருந்து பூச மாட்டீர்கள். இந்த மலையின் பேர்போன வாசனை சந்தனம்.

சந்தன மரம் ஒட்டுண்ணியாமே? கேட்டதிலிருந்து மனசே சரியில்லை.
– பக்தர், வாணியம்பாடி

முழு ஒட்டுண்ணி இல்லை, அரை. இலை பச்சைதான், வெயிலில் தானே சமைத்துக்கொள்ளும். தண்ணீருக்கும் உப்புக்கும் மட்டும் பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைச் சொருகி உறிஞ்சும். அதனால்தான் கன்று நடுகிறவர்கள் கூடவே துவரை மாதிரி ஒரு செடியைத் துணைக்கு வைப்பார்கள். ஒண்டியாக விட்டால் நோஞ்சானாகிப் போகும். அடுத்தவரை ஒட்டிப் பிழைப்பவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். அவர்களில் மணப்பது இது ஒன்றுதான்.

அந்தச் சந்தனக் காடெல்லாம் இப்போது எங்கே?
– வாசகர், ஆரணி

கொஞ்சம் திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்கில். கொஞ்சம் சோப்புக் கட்டியில். மிச்சம் யார் யார் பங்களாவிலோ. பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் மரம் அரசாங்கத்துக்கே என்று சட்டம் இருந்த காலத்தில், கன்று தலைகாட்டியதும் பிடுங்கி எறிந்தவர்தான் கெட்டிக்கார விவசாயி. மரத்தைக் காக்கத்தான் சட்டம் போட்டார்கள். மரத்துக்குச் சட்டம் படிக்கத் தெரியவில்லை.

‘கடுக்காய் கொடுத்துட்டான்’ என்கிறோமே, பாவம், கடுக்காய் என்ன செய்தது?
– தமிழாசிரியர், செங்கம்

ஐயா, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். கடுக்காய் இந்த மலையில் பொறுக்கி விற்கிற காட்டுச் சரக்கு. கடித்தால் வாயைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பின் பெயர் டேனின். அது உங்கள் எச்சிலிலுள்ள புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, நாக்கு வறளுகிறது. அதே டேனின் மாட்டுத் தோலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் தோல் அழுகாது. மலையடிவாரத்தில் வாணியம்பாடியும் ஆம்பூரும் தோலுக்குப் பேர் வாங்கியது இந்த வித்தையில்தான். ஆவாரம்பட்டை ஒரு தொட்டி, கடுக்காய் ஒரு தொட்டி, வாரக்கணக்கில் ஊறல்.

பிறகு குரோமியம் வந்தது. வாரக்கணக்கு நாள்கணக்கானது. பட்டைத் தொட்டித் தண்ணீரும் பன்னீர் இல்லைதான். ஆனால் பாலாற்றில் கலந்த குரோமியக் கழிவு வேறு ரகம். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், ‘கெடுத்தவனே காசு கொடு’ என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்.

பாலாற்றுக்குக் கடுக்காய் கொடுத்தது கடுக்காய் அல்ல ஐயா. கடுக்காயைக் கைவிட்டவர்கள்.

செடிக்கு எதற்கு லத்தீன் பெயர்? புளியைப் புளி என்றால் புளிக்காதா?
– மளிகைக் கடைக்காரர், போளூர்

உங்கள் கடைக்குள் புளிக்கும். ஊர் தாண்டினால் சந்தேகம். ஒரே செடியைக் கண்வலிக்கிழங்கு என்பார் ஒருவர், கலப்பைக்கிழங்கு என்பார் இன்னொருவர், செங்காந்தள் என்பார் புலவர். மூன்றும் ஒன்றென்று தெரியாமல் மருந்து அரைத்தால் நோயாளி போய்ச் சேர்வார். அதனால்தான் லின்னேயஸ் 1753-ல் ஒரு செடிக்கு இரண்டே சொல் என்று முடித்தார்: முதல் சொல் குடும்பப் பெயர் மாதிரி, இரண்டாவது ஆளின் பெயர் மாதிரி.

ஆனால் அதிலும் தமாஷ் உண்டு. புளிக்கு ‘டாமரிண்டஸ் இண்டிகா’. ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்று அரபிக்காரர்கள் கூப்பிட்டதிலிருந்து வந்தது. ஒரே பெயருக்குள் இந்தியா இரண்டு தடவை. பிறந்த வீடோ ஆப்பிரிக்கா! கடுக்காய்க்கு ‘டெர்மினாலியா செபுலா’. அந்தச் செபுலா காபூல் என்ற சொல்லின் திரிபு என்பார்கள். மரம் நிற்பது நம் மலையில். இரண்டும் ஆதார் அட்டை எடுக்கப் போனால் விடிந்த மாதிரிதான்.

லத்தீன் பெயரில் தமிழ் உண்டா மாமா?
– பத்தாம் வகுப்பு மாணவர், கலசபாக்கம்

உண்டு மருமகனே. ‘மொரிங்கா’ நம் முருங்கை. ‘வெட்டிவேரியா’ நம் வெட்டிவேர். இரண்டாவதைப் பின்னாளில் வேறு பேரினத்தில் சேர்த்துப் பெயரை மாற்றிவிட்டார்கள். வேரை வெட்டியது நாம், பேரை வெட்டியது அவர்கள்.

ஜவ்வாது மலை முழுக்க மலையாளிகளாமே? ஓணம் தடபுடலாக இருக்குமா?
– சுற்றுலாப் பிரியர், சென்னை

இவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மலைக்காரர்கள், பேசுவது தமிழ். கேரளத்துக்கும் இவர்களுக்கும் உள்ள ஒரே சம்பந்தம், உங்களைப் போன்றவர்கள் கேட்கும் கேள்வி. செண்டை மேளத்தைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சாமைச் சோறு சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?
– மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்

மூன்று தட்டு சாப்பிட்டால் சாமைதான் குறையும்.

இந்த மலையின் பயிர் சாமை. மானாவாரி நிலம், சரளை மண், உரக் கடைக்காரர் முகத்தைப் பார்க்காத வயல், அதிலேயே விளைந்துவிடும். கஷ்டமெல்லாம் அறுத்த பிறகுதான். அந்தப் பொடி மணியின் மேல் உமி, பேய் பிடித்த மாதிரி ஒட்டியிருக்கும். உரலில் குத்திக் குத்திப் பெண்கள் தோள்பட்டை கழன்றது. ‘ஏழைச் சோறு’ என்று நாற்பது வருடம் முகம் சுளித்துவிட்டு, 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும் நீங்கள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குகிறீர்கள். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு இதற்கென்றே ஒரு ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

இப்போது மலைப்பாதையில் ரேஷன் அரிசி மேலே ஏறுகிறது, சாமை கீழே இறங்குகிறது. வளைவில் இரண்டு லாரியும் சந்தித்தால் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கும்.

விதை சேகரிப்பது என்ன பெரிய கம்ப சூத்திரம்? கடையில்தான் கிடைக்கிறதே!
– உர வியாபாரி, சேத்துப்பட்டு

வவிலோவ் என்று ரஷ்யாவில் ஒருவர். கண்டம் கண்டமாக நடந்து, உலகத்துப் பயிர்களின் விதைகளையெல்லாம் லெனின்கிராடில் சேர்த்து வைத்தார். 1941-ல் ஜெர்மானியப் படை அந்த நகரத்தை வளைத்தது; முற்றுகை விலக 1944 ஜனவரி ஆயிற்று. ஊரில் தின்ன எதுவும் மிஞ்சவில்லை. விதைக் களஞ்சியத்தில் டன் கணக்கில் தானியம். காவல் இருந்த விஞ்ஞானிகள் ஒருவர்பின் ஒருவராகப் பட்டினியில் செத்தார்கள், தானியத்தைத் தொடவில்லை. நெல் ரகங்களுக்குப் பொறுப்பாளர் அரிசிக்கு நடுவிலேயே உயிரை விட்டார். வவிலோவோ, ஸ்டாலின் ஆட்சியின் சிறையில் 1943-ல் இறந்தார்.

ஜவ்வாது மலையில் எத்தனையோ கிழவிகள் பஞ்ச காலத்திலும் விதைச் சாமையை உலையில் போடாமல் வைத்திருந்ததால்தான் இன்றைக்கும் அது விளைகிறது. கடையில் கிடைக்கிறது என்கிறீர்கள் முதலாளி. கடைக்காரருக்கு யார் கொடுத்தது?

மாநில மலர் செங்காந்தளை வீட்டில் வளர்க்கலாமா?
– மாடித் தோட்டக்காரர், வேலூர்

வளர்க்கலாம், சமைக்கக் கூடாது. கிழங்கும் விதையும் விஷம். அந்த விஷத்தின் பெயர் கோல்ச்சிசின்; அளவாகக் கொடுத்தால் கீல்வாத வலிக்கு மருந்து. அதற்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் ஏக்கர் கணக்கில் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். அழகும் ஆபத்தும், அளவு தெரிந்தால் உதவியும். மாநில மலரைத் தேர்ந்தெடுத்தவர் மாநிலத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்.

பெண்களில் பெரிய தாவரவியலாளர் யாரேனும் உண்டா? பாடப்புத்தகத்தில் தாடி வைத்தவர்களாகவே இருக்கிறார்கள்.
– முதுகலை மாணவி, வேலூர்

ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தி, மிச்சிகனில் 1931-ல் முனைவர் பட்டம் வாங்கியவர். பிறகு கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம். அந்த இடமே கலப்புத் திருமணத்துக்குப் பேர்போனது: கொழுத்த கரும்புக்கும் ஆற்றங்கரைக் காட்டுப் புல்லுக்கும் முடிச்சுப்போட்டு, 1918-ல் கோ 205 ரகத்தை வெளியிட்டார்கள். ஜானகி அம்மாள் ஒரு படி மேலே போய்க் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் கலப்பு செய்து 1938-ல் அறிவித்தார். கரும்பு ஜாதி பார்த்திருந்தால் உங்கள் காபி இன்று கசக்கும்.

போர்க்காலத்தில் இங்கிலாந்து. மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம்களுக்கு ஒரு பெரும் பட்டியல் நூல், 1945. அங்கே மக்னோலியாச் செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்க அவர் கையில் எடுத்தது எது தெரியுமா? மேலே மாடித் தோட்டக்காரரை மிரட்டினேனே, அதே கோல்ச்சிசின். அவர் பெயரிலேயே ஒரு மக்னோலியா இருக்கிறது. கடைசிக் காலம் சென்னையை ஒட்டிய மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடத்தில். 1977-ல் பத்மஸ்ரீ, 1984-ல் மறைவு. தாடி இல்லை, அதனால் படம் போட மறந்திருப்பார்கள்.

மரம் மண்ணைத் தின்றுதானே வளர்கிறது? அப்படியென்றால் அடியில் ஏன் பள்ளம் விழவில்லை?
– ஏழாம் வகுப்பு, ஜமுனாமரத்தூர்

தம்பி, உன் கேள்விதான் இந்த வாரத்தின் உருப்படியான கேள்வி. இதே சந்தேகம் பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பவருக்கும் வந்தது. மண்ணை எடைபோட்டுத் தொட்டியில் கொட்டி ஒரு வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும். 2 கிலோ சொச்சம் இருந்த கன்று 76 கிலோவுக்கு மேல் போயிற்று. மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை!

தண்ணீர்தான் மரமாயிற்று என்று அவர் முடிவுகட்டினார். பாதி சரி. மீதி காற்று. காற்றிலுள்ள கரியமில வாயுவை இலை இழுத்து, வெயிலில் சமைத்துக் கட்டையாக்குகிறது. நீ உட்கார்ந்திருக்கும் பெஞ்சு, கெட்டியான காற்று. நாளைக்கு வகுப்பில் வாத்தியார் ‘பெஞ்சு மேல ஏறு’ என்றால், ‘காற்றில் நிற்கிறேன் ஐயா’ என்று சொல்லிப் பார். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று மட்டும் சொல்லாதே.

அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடுமாமே?
– காலை நடையர், ஆற்காடு

வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் அடுப்பு மூட்டாது. இரவில் அதுவும் நம்மைப் போல வெறுமனே மூச்சுவிடும். 24 மணி நேரமும் விடுவது வாட்ஸ்அப்.

என் கணவர் தொட்டாற்சிணுங்கி மாதிரி. எதற்கெடுத்தாலும் முகம் சுருங்கிவிடுகிறது.
– பெயர் வேண்டாம், செய்யாறு

தொட்டாற்சிணுங்கியைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்தால், ஆபத்தில்லை என்று பழகிச் சுருங்குவதை நிறுத்திவிடும். நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள்.

உன்னிச்செடியை ஏன் திட்டுகிறார்கள்? பூ எவ்வளவு அழகு!
– புகைப்படக் கலைஞர், பெங்களூரு

அந்த அழகைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு அமெரிக்காவிலிருந்து விருந்தாளியாகக் கூப்பிட்டான். விருந்தாளி காட்டுக்கே பட்டா போட்டுக்கொண்டது. ஆடு மாடு தின்னாது, அடியில் புல் முளைக்க விடாது. உங்கள் படத்துக்கு லைக் விழும், பசுவுக்கு வயிறு காயும்.

தமிழனுக்குத் தெரியாத தாவரவியலா?
– தமிழ்ப் பற்றாளர், மதுரை

உண்மைதான். தொல்காப்பியர் வெளிப்பக்கம் வயிரம் பாய்ந்ததைப் ‘புறக்காழ்’, உள்ளே வயிரம் பாய்ந்ததை ‘அகக்காழ்’ என்று பிரித்தார். முன்னது புல், பின்னது மரம். பனை, தென்னை, மூங்கில் எல்லாம் புல் பக்கம். ஒருவித்திலை, இருவித்திலை என்று இன்றைய புத்தகம் பிரிப்பதற்குக் கிட்டத்தட்ட அதே கோடு. அசத்தல்தான்.

ஆமாம், உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்பதை என்னவென்று கூப்பிடுகிறீர்கள்? தென்னை *மரம்*. தொல்காப்பியரைத் தெரியும், அவர் சொன்னதுதான் தெரியாது.

இந்த மலைக்குப் பழைய டிராவல் கைடு ஏதாவது உண்டா?
– பைக் பயணி, ஓசூர்

மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, பெருங்கௌசிகனார் பாடியது. மலையடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறார்: எங்கே என்ன விளைந்திருக்கும், எந்த ஊரில் என்ன சோறு போடுவார்கள், சேயாறு எப்படி ஓடும். இன்று செய்யாறு என்கிறோமே, ஜவ்வாது மலையில் பிறக்கிறதே, அந்த ஆறுதான். உங்கள் போன் வரைபடத்தில் செடி இல்லை. அந்தப் பாட்டில் செடியை வைத்தே வழி.

காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் கூடத்தை நடுக்காட்டில் ஏன் கட்டினார்கள்?
– வானியல் ஆர்வலர், கிருஷ்ணகிரி

ஊர் விளக்கு இல்லை, புகை இல்லை, தூசி குறைவு. இருட்டுதான் அங்கே மூலதனம். 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-லிருந்து வானியலாளர் வைணு பாப்பு பெயரில் நிற்கிறது. 1988-ல் காவலூரிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். சபாஷ்.

போன வாரம் அங்கே போய் வந்த ஒரு கோஷ்டியிடம், ‘வழியெல்லாம் என்ன மரம் பார்த்தீர்கள்?’ என்றேன். ‘பச்சையா இருந்துச்சு சார்’ என்றார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற கல் தெரிகிறது, செருப்புக்கு அடியில் நசுங்கியது தெரியவில்லை. இந்த நோய்க்கு 1999-ல் அமெரிக்கக் கல்வியாளர்கள் இருவர் பெயரே வைத்தார்கள். நான் ‘செடிக்குருடு’ என்பேன். காட்டின் படத்தில் ஒரு மூலையில் புலி நின்றால் ‘புலி’ என்கிறோம். மிச்சம் முக்கால் படமும் நமக்கு வால்பேப்பர்.

செத்த செடியைத் தாளில் ஒட்டி வைத்து என்ன லாபம்?
– தணிக்கையாளர், திருச்சி

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. தூய வளனார் கல்லூரியில் ராபினாட் தாவரக் கூடம். கே.எம். மேத்யூ என்ற ஏசுசபைப் பாதிரியார் ஆட்களைக் கூட்டிக்கொண்டு குன்று குன்றாக ஏறி, செடி பறித்து, அழுத்தி, உலர்த்தி, ‘தமிழ்நாடு கர்நாட்டிக் தாவரங்கள்’ என்று தலையணை தலையணையாக நூல் போட்டார், 1980-களில். எந்தச் செடி எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. காடு அழிந்த பிறகும் பேசும் சாட்சி. தணிக்கையாளருக்கு வவுச்சரின் அருமை நான் சொல்லியா தெரிய வேண்டும்?

செடியை வைத்து அழுத்தப் பழைய செய்தித்தாள்தான் தோது. ஆகவே இந்த இதழைத் தூக்கிப் போடாதீர்கள். நான் எழுதியது நிற்காவிட்டாலும் நடுவில் வைத்த செடி நூறு வருடம் நிற்கும்.

செம்மரம் வெட்டப் போகிறவர்களைப் பற்றி நாலு வார்த்தை எழுதுவீர்களா?
– பெயர் வேண்டாம், ஜவ்வாது மலை

இதற்கு மாமாவிடம் ஜோக் இல்லை. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே தெற்கு ஆந்திரத்து மலைகளிலும் அவற்றின் ஓரங்களிலும்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர்க்காரர்கள் அதில் உண்டு. கோடரி பிடித்தவருக்குக் கூலி, கப்பலில் ஏற்றியவருக்குக் கோடி. மரத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரியும். அந்த இருபது பெயரில் ஒன்று யாருக்காவது தெரியுமா?

ஆம்பூர் பிரியாணியில் தாவரவியலுக்கு என்ன வேலை?
– பசியோடு ஒருவர், ஆம்பூர்

அரிசி விதை. கிராம்பு, விரியாத மொட்டு. பட்டை, பெயரிலேயே பட்டை. இஞ்சி வேர் இல்லை ஐயா, மண்ணுக்குள் படுத்துக்கொண்ட தண்டு. வெங்காயம் இலையின் அடிப்பாகம். மிளகாய் பழம், அதுவும் போர்த்துகீசியர் கப்பலில் வந்த அமெரிக்கப் பழம். தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயும் பழம். ஆடு? அது கொஞ்ச நாள் நடமாடிய புல்.

மாமா, இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்கு எத்தனை செடி அடையாளம் தெரியும்?
– விடாக்கண்டர், திருவண்ணாமலை

இதை நேற்றே சோதித்துவிட்டேன். பேருந்துக்குக் காத்திருந்த இடத்தில், பக்கத்தில் புளி மூட்டையோடு ஒரு பாட்டி. உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற செடிகளுக்குப் பெயர் சொல்வது, இதுதான் பந்தயம். நான் பதினொன்றில் திணறினேன். அதில் இரண்டைப் பாட்டி தள்ளுபடி செய்தார். அவர் ஆரம்பித்தார்: பெயர், எதற்கு ஆகும், எந்த மாதம் பூக்கும், மாடு தின்னுமா தின்னாதா. முப்பத்தெட்டில் பேருந்து வந்துவிட்டது.

படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்து, “நீ என்னா வேல பாக்கறப்பா?” என்றார். பத்திரிகையில் கேள்விக்கெல்லாம் பதில் எழுதுகிறேன் என்றேன்.

“பாவம், உன்னயப் போயி கேக்கறாங்களே” என்றபடி ஏறிவிட்டார்.